எண்ணெயில் எள் எங்கே?

எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்து எழுதுமாறு வகுப்பிற் கேட்டால், இலக்கணத்தில் ஓரளவு பழக்கமுள்ள மாணவர் உடனே எள் + நெய் என்று எழுதிவிடுவர். எள்ளிலிருந்து பெற்ற நெய்யே எண்ணெய். ஆனால், இன்று நாம் தேங்காயெண்ணெய் என்கிறோம், வேப்பெண்ணெய் என்கிறோம், விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வாங்குகிறோம். சொல்லின் உறுப்புக்களை மட்டும் நோக்கினால், தேங்காயெண்ணெய் என்பது தேங்காயிலிருந்து எடுத்த எள்நெய். மண்ணெண்ணெய் என்பது மண்ணிலிருந்து எடுத்த எள்நெய். இவற்றுள் எள் ஒரு மணியேனும் இல்லை. பொதுப்பெயராகிவிட்ட எண்ணெயை விட்டு, எள்ளின் நெய்யைத் தனியே சுட்ட விரும்பியபோது, நல்லெண்ணெய் என்று இன்னொரு பெயரிட வேண்டியதாயிற்று.

இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. இலத்தீன் மொழியில் ‘ஒலேயும்’ என்பது ஒலிவத்தின் நெய்யைக் குறித்த சொல். ஒலிவ மரத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. அதன் வழி வந்த ‘ஒயில்’ என்னும் ஆங்கிலச் சொல், இன்று மீனின் நெய்யையும் நிலத்தடியில் ஊறும் எரிபொருளையும் ஒருங்கே குறிக்கின்றது. எள் விளையும் நாட்டாரும் ஒலிவம் விளையும் நாட்டாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே வழியிற் சென்றிருக்கின்றனர்.

அப்படியாயின், தேங்காயெண்ணெய் விற்கும் வணிகர் பொய்ப்பெயர் சொல்லி விற்கிறாரா? எவரும் அவ்வாறு கூறமாட்டார். விற்பவரும் வாங்குபவரும் அச்சொல்லைக் கேட்டு ஒரே பொருளையே நினைக்கின்றனர். ஒரு பொருளின் பெயர் இன்னொரு பொருளுக்குச் செல்வது மொழியில் நாள்தோறும் நிகழ்வது. அதனால் எவருக்கும் கேடில்லை. அதே பெயர்மாற்றம், வாங்குபவர் அறியாமல் சந்தையில் நிகழுமாயின், அது களவு. சிலவேளை உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை மக்கள் எவ்வாறு வரைந்தனர், அவ்வெல்லை தமிழ் மட்டும் அறிந்த ஒருவருக்கு எந்த அளவிற் காவலாக நிற்கின்றது என்பவற்றையே இக்கட்டுரையில் எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

விருந்தாக வந்தவற்றின் பெயர்கள்

மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துச் சமையலை இன்று நினைத்துப் பார்ப்பது அரிது. எனினும், மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து, கொலம்பசின் பயணங்களுக்குப் பின்னர், போர்த்துக்கேயரின் கப்பல்களில் அது கீழைத்தேயங்களுக்கு வந்து சேர்ந்தது. வந்த புதுப்பொருளுக்கு நம் முன்னோர் தாம் அறிந்த உறைப்பின் பெயரையே இட்டனர். மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. ஐரோப்பியரும் வேறு விதமாகச் செய்யவில்லை. மிளகைக் குறிக்கும் தம் சொல்லையே மிளகாய்க்கும் இட்டு, இன்றுவரை ஒரே பெயரால் இரண்டையும் வழங்குகின்றனர். அவர்களைவிடத் தமிழர் சிறிது நுட்பமாகவே நடந்திருக்கின்றனர் என்று சொல்லலாம். ‘காய்’ என்னும் ஒட்டினால் பழையதையும் புதியதையும் வேறுபடுத்திவிட்டனர்.

தக்காளியும் அத்தகையதே. அப்பெயர் இங்கு முன்னரே வளர்ந்த சிறுபழச் செடிகளுக்கு உரியதாய் இருந்தது. மணத்தக்காளி என்னும் வழக்கில் அது இன்னும் நிற்கின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த பெரும்பழம் அப்பெயரைத் தனதாக்கிக் கொண்டது. தென் அமெரிக்காவிற் பிறந்த கிழங்கொன்று, நாம் அறிந்த வள்ளிக்கிழங்கின் பெயரைப் பெற்று மரவள்ளி ஆயிற்று. வேறு சிலவற்றுக்கு உறவுப்பெயர் கிடைக்கவில்லை. அவை தம் பெயரோடே குடியேறின. பாண், அன்னாசி, கோவா என்பன போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. போஞ்சி ஒல்லாந்தர் தந்த சொல். இச்சொற்களை அந்நியச் சொற்கள் என்று எந்தக் கிழவியாரிடம் கூறினாலும் அவர் நம்பப்போவதில்லை.

பெயர் பயணஞ் செய்யும்போது அதன் பொருளும் மாறுகின்றது. சங்க இலக்கியங்களிற் கறி என்பது மிளகைக் குறிக்கும் சொல். மிளகு சேர்த்து ஆக்கியதும் பின்னர் கறியாயிற்று என்பர். இன்று ஈழத்திற் கறி என்பது சோற்றுக்குத் துணையாகும் எந்தப் பதார்த்தத்தையும் குறிக்கும். காய்களுக்கு மரக்கறி என்றே பெயர். தமிழகத்தின் பல பகுதிகளிலோ கறி என்றால் இறைச்சி. ஈழத்துச் சைவர் ஒருவர் தமிழகத்து நண்பரிடம், “நான் நாள்தோறும் மூன்று கறியோடு சோறு உண்பவன்” என்று சொன்னால், நண்பர் திகைத்துப்போவார். இச்சொல்லே ஐரோப்பாவுக்கும் சென்றது. 1747ஆம் ஆண்டில் ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி இலண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையிற் கறி ஆக்கும் வகை கூறப்பட்டிருக்கின்றது.

இவ்வளவு மாற்றங்களிலும் ஏமாற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கேட்பவருக்கு ஐயம் எழுந்தால், சொல்பவர் எதிரிலேயே நிற்கின்றார், “எந்தக் கறி?” என்று கேட்டுவிடலாம். விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்துப் பேசும்வரை பெயருக்குக் காவல் தேவையில்லை.

ஓர் இறாத்தல் பாண்

நகரங்கள் வளர்ந்து, உணவை ஆக்குபவர் ஒருவரும் உண்பவர் இன்னொருவருமாகப் பிரிந்தபோது அக்காவல் தேவைப்பட்டது. முதலிற் சட்டத்தின் பார்வையில் விழுந்தது பாண். இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1266ஆம் ஆண்டளவில், பாணுக்கும் பியருக்கும் அளவுமுறை வகுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முறை வியப்பானது. பாணின் விலை மாறாது. தானியத்தின் விலை ஏற இறங்கப் பாணின் நிறையே மாறும். எந்த விலைக்கு எந்த நிறை என்பதைச் சட்டம் சொன்னது. நிறையிற் குறைத்த வெதுப்பாளர் தண்டிக்கப்பட்டனர்.

நம் நாட்டிலும் பாண் என்னும் பெயரோடு ஓர் அளவு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. “ஓர் இறாத்தல் பாண்” என்றுதான் கடையிற் கேட்கிறோம். இறாத்தல் என்பது ‘ரத்ல்’ என்னும் அரபு அளவைச் சொல்; போர்த்துக்கேய மொழியினூடாக நம்மிடம் வந்தது. ஆங்கிலேயரின் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். கிலோகிராம் வழக்குக்கு வந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் பாணை மட்டும் இறாத்தல் விடவில்லை. ஆனால், இறாத்தல் என்று சொல்லி வாங்கிய பாண் உண்மையில் இறாத்தல்தானா என்ற ஐயமும், மாவின் விலை ஏறும்போதெல்லாம் கூடவே எழுவது வழக்கம். 2024ஆம் ஆண்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, முழுப் பாணின் நிறை 450 கிராம் என்றும் அரைப் பாணின் நிறை 225 கிராம் என்றும் வர்த்தமானி மூலம் அறிவித்தது. ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்து மன்னன் எதிர்கொண்ட பிரச்சினையை நம் காலத்து அதிகாரசபையும் எதிர்கொள்ள நேர்ந்திருக்கின்றது.

நிறையைத் தராசு காட்டிக்கொடுக்கும். பொருளின் தன்மையைக் காட்டிக்கொடுக்க எது உண்டு? 1820இல் பிரெடரிக் அக்கம் என்னும் இரசாயன அறிஞர், உணவிற் செய்யப்படும் கலப்படங்களையும் சமையலறை நஞ்சுகளையும் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கலப்படக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற வணிகரின் பெயர்களையும் அதில் அச்சிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் நுணுக்குக்காட்டியை எடுத்தார். 1851 முதல் 1854 வரை, ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் தோமஸ் வக்லியின் துணையோடு, கடை கடையாக உணவுப்பொருள்களை வாங்கி ஆராய்ந்தார். கோப்பித் தூளில் சிக்கரி வேரின் தூள் இருந்தது. கடுகுத் தூளில் கோதுமை மாவும், அதன் வெளிறிய நிறத்தை மறைக்க மஞ்சளும் இருந்தன. விற்ற கடையின் பெயரும் முகவரியும் முடிவுகளோடு சேர்ந்து வெளிவந்தன.

இவ்வுழைப்பின் பயனாக 1860இலும், அதனிலும் வலுவாக 1875இலும் சட்டங்கள் பிறந்தன. வாங்குபவர் கேட்ட தன்மையும் பொருளும் தரமும் உடையதையே விற்க வேண்டும் என்பது 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம். இங்கே ‘கேட்ட’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் பெயரைச் சொல்லிக் கேட்கின்றார். அவர் மனத்தில் அப்பெயர் எழுப்பிய பொருள் எதுவோ, அதையே சட்டம் அளவுகோலாகக் கொண்டது. அகராதியில் எழுதியிருப்பதையோ, சொல்லின் பகுதி விகுதிகளையோ அது கேட்கவில்லை. எண்ணெய்க்கும் எள்ளுக்கும் உள்ள பழைய உறவு அங்கு வழக்குக்கு வராது.

வெண்ணெயின் போலி

பெயரைப் பற்றிய வழக்குகளில் மாஜரின் அடைந்த அனுபவம் பெரிது. மூன்றாம் நெப்போலியன் விலைகுறைந்த வெண்ணெய்க்கு மாற்றொன்றைத் தேடினான். அதற்காக 1869இல் இப்போலித் மேஜ்-மூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் மாட்டுக் கொழுப்பிலிருந்து ஒரு பொருளை ஆக்கினார். பெயரின் மூலம் முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முத்துப்போல் மினுங்கிய ஒரு கொழுப்பமிலத்துக்கு முன்னர் இடப்பட்ட பெயரிலிருந்து வந்தது. ஆங்கில வணிகர் அதை வெண்ணெயின் பெயரோடு ஒலியொத்த இன்னொரு பெயரால் விற்றனர். வாங்குபவர் காதில் வெண்ணெய் என்றே விழும். கையில் வருவதோ வேறு. 1887ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம், அப்பொருள் மாஜரின் என்றே அழைக்கப்பட வேண்டும் என்றும், பொதியிலும் அப்பெயரே இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

அமெரிக்காவில் வழக்கு இன்னும் முற்றியது. மாஜரினுக்கு இளஞ்சிவப்பு நிறமூட்டியே விற்க வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டமியற்றின. பார்த்தவுடன் அருவருப்புத் தோன்றும்படி செய்வதே நோக்கம். 1898இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அத்தகைய சட்டமொன்றைச் செல்லாது என்றது. உண்மைப் பெயரைச் சொல்லச் செய்வது ஒன்று. நல்ல பொருளை எவரும் வாங்காதபடி கெடுப்பது வேறொன்று. ஏழைகள் விலைகுறைந்த கொழுப்பை அதன் உண்மைப் பெயரால் அறிந்து வாங்குவதில் என்ன குற்றம்? பெயர்ச்சட்டங்கள் எல்லாம் வாங்குபவருக்காகப் பிறந்தவை அல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. சில, விற்பவரின் போட்டியாளருக்காகவும் பிறந்தன.

நம் காலத்திலும் அவ்வகை ஐயம் எழுப்பிய தீர்ப்பொன்று உண்டு. 2017ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம், சோயா முதலிய தாவரங்களிலிருந்து ஆக்கும் பானங்களைப் பால் என்று விற்கக் கூடாது எனத் தீர்த்தது. பால் என்பது கறக்கப்படுவதற்கே உரிய பெயர் என்பது அங்குள்ள விதி. ஆயினும், நெடுங்கால வழக்குப் பற்றிச் சில பெயர்கள் விலக்குப் பெற்றன. அவற்றுள் ஒன்று தேங்காய்ப்பால்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதற்பால், இரண்டாம்பால் என்று பிழிந்து சொதி வைக்கும் நம் வீட்டுப் பெண்களிடம் இந்த விலக்கைப் பற்றிச் சொன்னால் என்ன நினைப்பர்? தமிழிற் பால் என்றும் பசுவுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. எருக்கம்பால் உண்டு, கள்ளிப்பால் உண்டு, நெற்கதிரும் பால் பிடிக்கும். ஐரோப்பிய விதியை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் சொல்வழக்கையே குற்றமாக்க நேரிடும். மக்கள் மயங்குகின்றனரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை அந்தந்த மொழியினுள்தான் இருக்கும். சட்டங்களை மொழிபெயர்க்கும் அதிகாரிகள் இதனை மறவாதிருக்க வேண்டும்.

கறுவாவும் தேயிலையும்

பிறர் நம் பெயரை எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. கறுவாவுக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர்களுள் ஒன்றில் இலங்கையின் பெயர் இருக்கின்றது. இன்னொன்றில் ‘மெய்யான’ என்னும் பொருளுடைய இலத்தீன் அடைமொழி இருக்கின்றது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இத்தீவை நோக்கி ஈர்த்த பொருள்களுள் முதன்மையானது இதுவே. ஆனால், சீனம், இந்தோனீசியா முதலிய நாடுகளில் விளையும் இதனினத்து மரங்களின் பட்டை, கசியா என்பது, தடித்தும் உறைப்புக் கூடியும் மலிந்தும் கிடைக்கும். அமெரிக்கக் கடைகளிற் கறுவாவின் ஆங்கிலப் பெயரோடு விற்கப்படுவதிற் பெரும்பகுதி அதுவே; அந்நாட்டு விதிகள் அதற்கு இடங்கொடுக்கின்றன.

பெயர் ஒன்றானால் என்ன என்று கேட்கலாம். கசியாவிற் கூமரின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதளவே. கூமரினை அளவுக்கு மிஞ்சி உட்கொள்வது சிலருக்கு ஈரலைத் தாக்கும். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை கூறியிருக்கின்றது. எப்பொழுதோ ஒரு நாள் உண்பவருக்குக் கவலையில்லை. நோய்க்கு நல்லதென்று நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உட்கொள்பவர், தாம் வாங்கியது எந்தப் பட்டை என்று அறிந்திருக்க வேண்டாமா? அங்கே பெயர் மருந்துச்சீட்டுக்கு ஒப்பானது. 2022ஆம் ஆண்டு பெப்புருவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவின் பெயரைப் புவியியல்சார் குறியீடாகப் பதிந்து காப்பளித்தது. இலங்கைப் பொருளொன்று அத்தகைய காப்பைப் பெற்றது அதுவே முதன்முறை.

தேயிலையின் நிலை வேறு. தேயிலை என்பது தே + இலை. ‘தே’ என்பது சீனத்தின் புக்கியன் கரையோர வழக்கு. கடல் வழியே வணிகஞ் செய்த ஒல்லாந்தர் அதைப் பரப்பினர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கினார். 1972இல் நாட்டின் பெயர் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீலங்கா என்று மாறிய பின்னரும், தேயிலைப் பொதியில் மட்டும் பழைய பெயரே நின்றது. இந்நாட்டுத் தேயிலையை மட்டுமே கொண்டு, இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்டதற்குத்தான் சிங்க இலச்சினை கிடைக்கும்.

அப்பொதியை நோக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு நினைவும் வரும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால், அத்தேயிலையைக் கொய்த மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர் கொய்த இலை சிலோன் என்னும் பெயரோடு உலகெங்கும் மதிப்புடன் சென்றது. கொய்தவரை அப்பெயரால் அழைக்கச் சட்டம் மறுத்தது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பொதியின் மேல் எழுதப்படும் பெயர் இடத்தைச் சொல்லும், இலையைச் சொல்லும், கையைச் சொல்வதில்லை.

கடலையா, கச்சானா?

இதுவரை கூறியவை பெரும்பாலும் பணத்தையும் மதிப்பையும் பற்றியவை. உயிரைப் பற்றியதும் ஒன்றுண்டு. சிலருக்குச் சில உணவுகள் ஒவ்வா. கச்சான், எள், இறால், முட்டை, பால் போன்றவற்றுள் ஒன்று சிறிதளவு உட்சென்றாலும் மூச்சடைத்து இறந்துபோகக் கூடியவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குப் பொதியின் மேலுள்ள எழுத்தே காவல்.

2016ஆம் ஆண்டு யூலையில், இலண்டன் விமான நிலையத்தில் நட்டாஷா என்னும் பதினைந்து வயதுச் சிறுமி நீண்ட பாண் ஒன்றை வாங்கி உண்டாள். அவளுக்கு எள் ஒவ்வாது. பாணின் மாவினுள் எள் கலந்திருந்தது. பொதியில் அது குறிக்கப்படவில்லை. கடையிலேயே ஆக்கிப் பொதிசெய்த உணவுக்கு அத்தகைய விபரம் வேண்டியதில்லை என்று அக்கால விதி விலக்களித்திருந்தது. விமானத்தில் நோயுற்ற அவள் அன்றே இறந்தாள். அவள் பெற்றோரின் முயற்சியாற் பிறந்த சட்டம் அவள் பெயராலேயே வழங்குகின்றது. 2021 ஒக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கின்றது. அமெரிக்காவிலும் 2021இல் இயற்றிய சட்டத்தினால், 2023ஆம் ஆண்டு தொடக்கம் எள்ளைப் பொதியிற் குறிப்பது கட்டாயமாயிற்று. அதன்பின் அங்கு நிகழ்ந்தது விந்தையானது. எள் சிறிதும் கலவாதபடி காப்பது செலவென்று கண்ட சில வெதுப்பகத்தார், வேண்டுமென்றே எள்மாவைச் சேர்த்து, எள் உண்டென்று எழுதிவிட்டனர். எழுத்து உண்மையாயிற்று, உண்ணத்தக்க பாண் குறைந்துபோயிற்று.

இனி நம்மிடம் வருவோம். தமிழ் எழுத்தில் ‘கடலை’ என்று ஒரு பொதியில் இருக்கின்றது என்று கொள்வோம். தமிழகத்துப் பொதியாயின், அது நிலக்கடலையாக இருக்கலாம்; கடலை மிட்டாய் அங்கு நிலக்கடலையாற் செய்வதே. யாழ்ப்பாணத்திற் கடலை என்றவுடன் அவித்துத் தாளித்த கொண்டற்கடலை நினைவுக்கு வரும். நிலக்கடலைக்கு இங்கு கச்சான் என்று பெயர். நல்லூர்த் திருவிழாவிற் கச்சான் கடையில் நிற்காத பிள்ளை உண்டா? அதனாற் செய்யும் இனிப்பும் கச்சான் அல்வாவே. கச்சான் ஒவ்வாத பிள்ளையின் தாய், ‘வேர்க்கடலை’ என்று எழுதிய பொதியைக் கையில் எடுத்து, இது வேறேதோ ஒரு கடலை என்று எண்ணிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால், குற்றம் யாருடையது? எழுதியவர் தமிழில்தான் எழுதினார். படித்தவரும் தமிழ் அறிந்தவரே. பெயர் இருந்தும் செய்தி சென்று சேரவில்லை.

அமெரிக்கர் தம் மொழியினுள்ளே எழுந்த இத்தகைய இடரை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தீர்க்க முயன்றனர். பாலிலிருந்து பெறும் கேசீன் என்னும் புரதத்தைச் சேர்த்தால், அந்த விஞ்ஞானப் பெயரோடு நின்றுவிடாமல், பால் என்னும் சாதாரணச் சொல்லையும் எழுத வேண்டும் என்று விதித்தனர். கற்றவர் சொல் கற்றவருக்கு மட்டும் விளங்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

தமிழில் எழுதும் சுட்டுத்துண்டு

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. அதன் கீழ் 2005இல் சுட்டுத்துண்டிடலும் விளம்பரமும் பற்றிய ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. சுட்டுத்துண்டு என்பது பொதியின் மேலுள்ள லேபலுக்கு அரசகருமத் தமிழ் இட்ட பெயர். 1963இல் உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த கோடெக்ஸ் ஆணைக்குழு, பொதிசெய்த உணவுகளின் சுட்டுத்துண்டு பற்றி 1985இல் ஒரு பொதுநியமம் வகுத்தது. உணவின் பெயர் அதன் மெய்யான இயல்பைக் காட்ட வேண்டும். பொதுப்பெயராய் இராது சிறப்புப் பெயராய் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ‘கடலை’ என்று மட்டும் எழுதுவது இவ்விதிக்கு ஒவ்வாதது என்பது என் துணிபு.

2016ஆம் ஆண்டு ஓகஸ்டு முதல், இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி இடும் முறை இங்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2 கிராமிலும் குறைந்தாற் பச்சை. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் மொழி இது. ஆயினும், நிறம் ஒரு சொல்லை மட்டுமே சொல்லும். சீனி மிகுதி என்று சொல்லும். உள்ளே என்ன இருக்கின்றது என்று சொல்லாது. அதைச் சொல்ல மொழி வேண்டும்.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த உரிமையின் மதிப்பை நாம் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் தேடுகிறோம், தேடவும் வேண்டும். ஆனால், ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் நாள்தோறும் அரசகருமத் தமிழைச் சந்திக்கும் இடம் பால்மாப் பொதியின் பின்புறமே. அங்கே என் கண்ணிற்பட்டவற்றைச் சொல்கிறேன். சில பொதிகளில் தமிழ் எழுத்து மற்றவற்றிலும் சிறிதாக, மடிப்பினுள் மறைந்து கிடக்கின்றது. சிலவற்றில் ‘காலாவதித் திகதி’ என்பதிற் காலும் கொம்பும் இடம் மாறி நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லை அகராதியிற் பார்த்து ஒட்டிய தமிழ், எந்த ஊரிலும் வழங்காத சொல்லாய் முடிந்திருப்பதும் உண்டு. எழுதியவர் விதியை நிறைவேற்றினார். படிப்பவரை நினைத்து எழுதவில்லை.

இதில் ஆசிரியரும் எழுத்தாளரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நம்மிடையே கலைச்சொல்லாக்கம் பற்றி விவாதங்கள் நிகழ்ந்திருக்கின்றன. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் சொற்கள் வகுத்தோம். நாம் உண்ணும் நூறு அல்லது இருநூறு பொருள்களுக்கு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மன்னார், கொழும்பு ஆகிய இடங்களில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, எதை எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் என்று ஒரு சிறு பட்டியல் செய்தால் என்ன? நிலக்கடலை (கச்சான்) என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் அச்சுச் செலவு ஒரு சதமும் கூடாது. இப்பணிக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. சந்தைக்குச் சென்று காது கொடுத்துக் கேட்டாற் போதும்.

மாணவரிடமிருந்தும் தொடங்கலாம். வெற்றுப் பொதிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்து, ஒரு பாடவேளையில் அவற்றின் தமிழை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் விளங்குகின்றது, எந்தச் சொல் தம் பாட்டிக்கு விளங்காது, எங்கே எழுத்துப்பிழை இருக்கின்றது என்று அவர்களே குறிக்கட்டும். பிழை கண்ட இடத்தில், பொதியில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கடிதம் எழுதும் பயிற்சி எப்படியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றது. கற்பனையான அதிபருக்கு விடுமுறை கேட்டு எழுதுவதைவிட, உண்மையான ஒரு நிறுவனத்துக்கு, “உங்கள் பொதியிற் கடலை என்று எழுதியிருப்பது எந்தக் கடலை?” என்று கேட்டு எழுதுவது பயனுடைய பயிற்சியல்லவா?